கைபேசியில் சாம்பிள் வெட்டுவது: எதில் துல்லியம் வேண்டும்?

கைபேசியில் இசை செய்யத் தொடங்குபவர்களிடம் இரண்டு கருத்துகள் அடிக்கடி காதில் விழும். ஒன்று: “இத்தனை சின்னத் திரையில் விரலால் தொட்டு எப்படித் துல்லியமாக வெட்டுவது? அதற்குக் கணினிதான் வேண்டும்.” இன்னொன்று: “முழுசாக ஜூம் செய்து, புள்ளி புள்ளியாகப் பார்த்து வெட்டினால் போதும், சுத்தமாக வந்துவிடும்.” முதலாவதை நம்புபவர் முயற்சியையே கைவிடுகிறார். இரண்டாவதை நம்புபவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்து வெட்டுகிறார். ப்ளே செய்தால் அதே ‘டக்’ சத்தம்.

இரண்டு பேருமே எதில் துல்லியம் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவில்லை. வெட்டிய ஒலியைக் கேட்கும்போது காது இரண்டு விஷயங்களைத் தனித்தனியாகக் கவனிக்கிறது. வெட்டிய இடத்தில் ஒலி முறிகிறதா? தொடங்க வேண்டிய நேரத்தில் தொடங்குகிறதா? முதல் கேள்விக்கு, ஒரு செகண்டை நாற்பதாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுகூடக் கணக்கில் வரும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் அவ்வளவு நுணுக்கம் தேவையே இல்லை. இந்த வேறுபாடு பிடிபட்டால், விரல் பருமனாக இருக்கிறதே என்ற கவலை ஏறக்குறைய போய்விடும்.

## திரையில் தெரியும் அந்த அலை

காற்றின் அழுத்தம் கூடுவதும் குறைவதும்தான் ஒலி. மைக் வழியாக வரும் அந்த ஏற்ற இறக்கத்தைக் கைபேசி ஒரு செகண்டுக்குப் பல ஆயிரம் முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஒரு எண்ணாகக் குறித்து வைக்கிறது. அப்படிக் குறித்த ஒரு எண்ணை இந்தக் கட்டுரை முழுக்க ‘அளவுப்புள்ளி’ என்று சொல்கிறேன். ‘சாம்பிள்’ என்றால் நாம் வெட்டி எடுத்துப் பயன்படுத்தும் சின்ன ஒலித்துண்டு: ஒரு டிரம் அடி, ஒரு குரல் துணுக்கு, நாலு பீட் கிட்டார்.

ஒரு செகண்டுக்கு எத்தனை அளவுப்புள்ளிகள் என்ற கணக்குக்குப் பெயர் சாம்பிள் ரேட். 1982-ல் விற்பனைக்கு வந்த சிடி 44,100 என்ற கணக்கை வைத்துக்கொண்டது. வீடியோவில் 48,000 வழக்கம். இந்த எண்கள் ஏன் இவ்வளவு பெரியவை? நல்ல காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரை, அதாவது செகண்டுக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். ஒரு அதிர்வைத் தவறாமல் பிடிக்க, அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டுக்கு மேல் அளவுகள் தேவை. அதனால்தான் நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே போகிறார்கள்.

அந்த எண்களை இடமிருந்து வலமாக வரிசையாக வைத்து வரைந்த படம்தான் ஆப்பில் தெரியும் அலைவடிவம். நடுக்கோடு பூஜ்யம். அதற்கு மேலே போனால் அழுத்தம் கூடியிருக்கிறது, கீழே போனால் குறைந்திருக்கிறது. நன்றாக ஜூம் செய்தால் சில ஆப்களில் அலை படிக்கட்டு மாதிரி தெரியும். அதைப் பார்த்து, டிஜிட்டல் ஒலியே கரடுமுரடானது என்று நினைத்துவிட வேண்டாம். அது வரைந்த விதம் மட்டுமே. ஸ்பீக்கருக்குப் போகும்போது அந்தப் புள்ளிகள் வழியாக வழவழப்பான வளைகோடுதான் உருவாகிறது.

## விரலும் திரையும்

கராஜ்பேண்ட், எஃப்எல் ஸ்டுடியோ மொபைல், கோவாலா சாம்ப்ளர் என்று எந்த ஆப்பைத் திறந்தாலும் ஒரு சாம்பிளுக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. அவற்றை நகர்த்தி வேண்டாத பகுதியை விலக்குவதுதான் ட்ரிம் செய்வது. இதை விரலால் எவ்வளவு நுட்பமாகச் செய்ய முடியும் என்று கணக்கிட்டே பார்த்துவிடலாம்.

4 செகண்ட் ஓடும் ஒரு சாம்பிள். 44,100 வீதம் மொத்தம் 1,76,400 அளவுப்புள்ளிகள். திரையின் அகலம் 1,080 பிக்சல் என்றால், பிக்சலுக்கு 163 புள்ளிகள் வருகின்றன. அத்தனையையும் ஒரு பிக்சலில் காட்ட முடியாது. ஆப் அந்த 163-ல் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் எடுத்து, இரண்டுக்கும் நடுவே ஒரு செங்குத்துக் கோடு இழுத்துவிடுகிறது. ஆக, முழு சாம்பிளும் தெரியும் நிலையில் நீங்கள் பார்ப்பது அலையே இல்லை, அதன் புறக்கோடு. அதில் வெட்டும் இடத்தை நுணுக்கமாகத் தேடுவது வீண்.

இந்த நிலையில் விரலை வைத்தால்? திரை 68 மில்லிமீட்டர் அகலம், விரல்நுனி 9 மில்லிமீட்டரை மறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், விரலுக்கு அடியில் அரை செகண்டுக்கு மேல் ஒளிந்திருக்கும். “கைபேசியில் முடியாது” என்பவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

சரி, இப்போது ஜூம் செய்து, திரையில் 10 மில்லிசெகண்ட் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மில்லிசெகண்ட் என்றால் ஒரு செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்போது திரையில் இருப்பவை 441 அளவுப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிக்சலுக்கு மேல் இடம் இருக்கிறது. அதே விரல் மறைப்பது வெறும் 1.3 மில்லிசெகண்ட். விரல் மாறவில்லை, அதற்கு அடியில் இருக்கும் நேரம்தான் சுருங்கியது. பல ஆப்களில் எல்லைக்கோட்டை ஒவ்வொரு தட்டலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும் பொத்தானோ, எண்ணாகவே தட்டச்சு செய்யும் இடமோ இருக்கும். அது இருந்தால் விரலின் அளவு ஒரு பிரச்சினையே இல்லை.

இதுவரை பார்த்தது: ஒலி என்பது எண்களின் வரிசை, தூரத்திலிருந்து பார்த்தால் தெரிவது புறக்கோடு, ஜூம் செய்தால் ஒற்றை அளவுப்புள்ளி வரை கைபேசியிலேயே போகலாம். எந்த இடத்தில் வெட்டுவது என்பதுதான் இனிமேல் கேள்வி.

## ‘டக்’ எங்கிருந்து வருகிறது

அலை அலையாகக் கோடு போட்ட துணியை இரண்டாக வெட்டி, வேறு இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டில் கோடு மேலே ஏறி நிற்கும் இடத்தில் வெட்டு விழுந்திருக்கிறது. அடுத்த துண்டில் கோடு கீழே இறங்கிய இடத்தில். தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் கோடு அங்கே முறிந்துதான் தெரியும். கத்தரிக்கோலின் கூர்மை அங்கே உதவாது. கோடும் கோடும் சந்திக்கிற இடமாகப் பார்த்து வெட்டியிருக்க வேண்டும்.

ஒலியிலும் இதுதான் நடக்கிறது. அழுத்தத்தின் உச்சத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டின் கடைசி அளவுப்புள்ளி +0.6, அதை அடுத்து வரும் துண்டின் முதல் புள்ளி −0.3. ஸ்பீக்கரின் கூம்பு ஒரு செகண்டின் 44,100-ல் ஒரு பங்கு நேரத்துக்குள் அங்கிருந்து இங்கே தாவ வேண்டும் என்று நாம் கட்டளை போடுகிறோம். இப்படித் திடீரென்று நடக்கும் தாவலில் தாழ்ந்த அதிர்வு முதல் உயர்ந்த அதிர்வு வரை எல்லாம் ஒரே கணத்தில் கலந்திருக்கும். அந்தக் கலவைதான் ‘டக்’. சாம்பிளுக்கு முன்னாலும் பின்னாலும் வேறு துண்டே இல்லாவிட்டாலும் இது வரும். ஏனென்றால் அமைதி என்பது பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து +0.6-க்குத் தாவுவதும் தாவல்தான்.

பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளில் இது இன்னும் துருத்திக்கொண்டு கேட்கும். ஹை-ஹேட் (டிரம் செட்டில் உள்ள ஜோடித் தட்டு) மாதிரி ஒலியில் ஏற்கெனவே உயர்ந்த அதிர்வுகள் நிறைந்திருப்பதால் ‘டக்’ அதற்குள் ஒளிந்துகொள்ளும். அமைதியான பேஸ் ஒலியில் ஒளிய இடமில்லை.

இதற்கு எல்லாரும் முதலில் சொல்லும் தீர்வு ஜீரோ கிராசிங். அலை நடுக்கோட்டைக் கடக்கும் இடத்துக்கு அந்தப் பெயர். அங்கே அளவு பூஜ்யமாகவோ அதற்கு மிக அருகிலோ இருப்பதால், அங்கே வெட்டினால் தாவலுக்கு இடமில்லை. நல்ல யோசனைதான். பல ஆப்களில் எல்லைக்கோடு தானாகவே அருகிலுள்ள ஜீரோ கிராசிங்கில் போய் ஒட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆனால் இதையே முழு மருந்தாக நம்புவதில் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதலாவது, திசை. ஒரு துண்டு நடுக்கோட்டைக் கீழிருந்து மேலே கடந்தபடி முடிகிறது. அடுத்த துண்டு மேலிருந்து கீழே இறங்கியபடி தொடங்குகிறது. இரண்டும் பூஜ்யத்தில் சந்தித்தாலும் அங்கே ஒரு கூர்மையான முனை உண்டாகும். தாவல் அளவுக்கு மோசமில்லை என்றாலும் சில ஒலிகளில் அது கேட்கத்தான் செய்யும். ஏறுவது ஏறுவதோடும், இறங்குவது இறங்குவதோடும் சேர வேண்டும்.

இரண்டாவது, ஸ்டீரியோ. இடது, வலது என்று இரண்டு தனி அலைகள். இடது அலை பூஜ்யத்தில் இருக்கும் அதே கணத்தில் வலது அலை எங்கேயோ உச்சியில் இருக்கலாம். இரண்டும் ஒன்றாகப் பூஜ்யத்தைத் தொடும் இடம் பக்கத்தில் கிடைக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

மூன்றாவது, தாழ்ந்த ஒலிகள். 50 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலி ஒரு சுற்றை முடிக்க 20 மில்லிசெகண்ட் எடுக்கும். நடுக்கோட்டை அது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் கடக்கிறது. வெட்ட நினைத்த இடத்திலிருந்து சில மில்லிசெகண்ட் தள்ளிப் போய்த்தான் வெட்ட முடியும்.

ஆகவே என் கருத்தில், புதிதாகத் தொடங்குபவர் முதலில் கைவசப்படுத்த வேண்டியது குறும் ஃபேடு. ஃபேடு என்றால் ஒலியின் அளவைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுவது, அல்லது பூஜ்யத்துக்கு மெல்ல இறக்குவது. பாட்டின் முடிவில் செகண்ட் கணக்கில் தேயும் ஃபேடு வேறு. இங்கே பேசுவது 5 மில்லிசெகண்ட், அதாவது சுமார் 220 அளவுப்புள்ளிகள். ஒலி தேய்வதாகக் காதுக்குத் தோன்றவே தோன்றாது. தாவல் மட்டும் சரிவாக மாறிவிடும். திசை, ஸ்டீரியோ இரண்டு சிக்கலும் இதில் அடிபட்டுப் போகின்றன. பேஸ் ஒலிக்கு 10 மில்லிசெகண்ட், தேவைப்பட்டால் அதற்கு மேலும் போகலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. டிரம் அடியின் தொடக்கத்தில் 10 மில்லிசெகண்ட் ஃபேடு போட்டால் அடியின் முனை மழுங்கிவிடும். அந்த முதல் சில மில்லிசெகண்டில்தான் அடியின் உயிரே இருக்கிறது. தொடக்கத்தில் ஒரு மில்லிசெகண்ட் போதும். அடிக்கு முந்தைய அமைதியில் வெட்டியிருந்தால் அதுகூட வேண்டாம். முடிவில் தாராளமாகப் போடுங்கள்.

சுருக்கமாக, ‘டக்’ என்பது எண்களுக்கு நடுவே விழும் தாவலின் சத்தம். ஜீரோ கிராசிங் அதைப் பெரும்பாலும் தவிர்க்கும், குறும் ஃபேடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அதிகபட்ச ஜூம் மட்டும் இதைத் தீர்க்காது.

## சரியான நேரத்தில் தொடங்குகிறதா

இப்போது இரண்டாவது துல்லியம். ஒரு அளவுப்புள்ளியின் நேரம் செகண்டின் 44,100-ல் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் காற்றில் ஒலி 8 மில்லிமீட்டர்கூட நகராது. ஒரு மில்லிசெகண்டில்தான் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். டிரம்மரிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அடி 10 மில்லிசெகண்ட் தாமதமாகத்தான் கேட்கிறது. அவர் அதைத் தாளம் தப்பியதாக நினைப்பதில்லை. எனவே டிரம் அடியின் தொடக்கத்தை ஒற்றைப் புள்ளிக் கணக்கில் தேடி நேரத்தைச் செலவிட வேண்டாம். ஒன்றிரண்டு மில்லிசெகண்டுக்குள் இருந்தால் நன்றாகவே இருக்கும்.

உண்மையில் தாளத்தைக் கெடுப்பது சாம்பிளின் முன்னால் விட்டுவைத்த அமைதி. பதிவு பொத்தானை அழுத்தியதற்கும் கை தட்டியதற்கும் நடுவே 40 மில்லிசெகண்ட் வெற்றிடம் இருந்தால், அந்த சாம்பிளை எத்தனை முறை அடித்தாலும் ஒவ்வொரு முறையும் 40 மில்லிசெகண்ட் பிந்தித்தான் ஒலிக்கும். திரையில் பீட் கட்டத்தோடு கச்சிதமாகப் பொருந்தியிருக்கும், காதுக்கு மட்டும் இழுத்துக்கொண்டு வரும். “என் பீட் ஏன் சோம்பலாக இருக்கிறது?” என்ற கேள்விக்குப் பல நேரம் விடை இதுதான்.

ஒலி சட்டென்று எழும் அந்தத் தொடக்கக் கணத்தை அட்டாக் என்பார்கள். அதைத் தேடிப் பிடித்து, அதற்கு ஒரு மில்லிசெகண்ட் முன்னால் வெட்டுங்கள். அலையின் மிக உயரமான முனையை அட்டாக் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்குச் சற்று முன்பே குச்சி தோலைத் தொட்டிருக்கும், விரல் கம்பியை உரசியிருக்கும். அந்த உரசலையும் சேர்த்து வெட்டி நீக்கிவிட்டால் ஒலி யாருடையதோ மாதிரி ஆகிவிடும்.

ப்ளூடூத் ஹெட்போன் இங்கே பலரைக் குழப்புகிறது. அதில் ஒலி 100 மில்லிசெகண்டுக்கும் மேல் பிந்தி வருவது சகஜம். திரையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தால், சாம்பிளில்தான் வெற்றிடம் இருக்கிறது என்று தோன்றும். ஓடிக்கொண்டிருக்கும் பீட்டைக் கேட்க மட்டும் ப்ளூடூத் பரவாயில்லை, எல்லா ஒலியும் ஒரே அளவு பிந்துவதால் அவற்றுக்குள் உள்ள உறவு மாறாது. தட்டிப் பார்த்து வெட்டுவதற்கு வயர் உள்ள இயர்போன் வேண்டும்.

நேரத்தில் மில்லிசெகண்டுக்கும் உள்ளே போக வேண்டிய இடம் ஒன்று உண்டு: ஒரே அடிக்காக இரண்டு சாம்பிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது. ஒன்று ஏறும் வேளையில் மற்றது இறங்கினால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஒரே மாதிரி இரண்டு ஒலிகளில் ஒன்று ஒரு மில்லிசெகண்ட் பிந்தினால் 500 ஹெர்ட்ஸ் பகுதி காணாமல் போகும். இரண்டு கிக்கை (பெரிய டிரம்மின் தாழ்ந்த அடி) அடுக்கியும் ஒற்றைக் கிக்கைவிட மெலிவாகக் கேட்டால், ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கேட்டுப் பாருங்கள்.

கேட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1987-ல் வந்த ஈ-மியூ எஸ்பி-1200 என்ற சாம்ப்ளரில் (சாம்பிள்களைப் பதிந்து வாசிக்கும் கருவி) மொத்தம் சுமார் 10 செகண்ட் ஒலிதான் அடங்கும். அலைவடிவம் காட்டும் திரையே அதில் கிடையாது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரு எண், அவற்றை மாற்ற ஸ்லைடர், மிச்சமெல்லாம் காது. ஹிப்-ஹாப் இசையின் ஒரு காலகட்டமே அந்தப் பெட்டியில் வெட்டிய சாம்பிள்களால் உருவானது. உங்கள் கைபேசித் திரை அதைவிட எவ்வளவோ அதிகம் காட்டுகிறது.

## லூப்

லூப் என்றால் முடிவு வந்ததும் தொடக்கத்துக்கே திரும்பி ஓடும் சாம்பிள். மேலே சொன்ன இரண்டு துல்லியமும் இங்கே ஒரே இடத்தில் தேவைப்படுகின்றன: நீளமும் சரியாக இருக்க வேண்டும், முடிவும் தொடக்கமும் முறியாமல் சேர வேண்டும்.

நீளத்துக்குக் கணக்கு எளிது. ஒரு நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பது பிபிஎம். 120 பிபிஎம் என்றால் ஒரு பீட் அரை செகண்ட், 22,050 அளவுப்புள்ளிகள். நாலு பீட்டுக்கு 88,200. 90 பிபிஎம்மில் ஒரு பீட் 29,400. 128 பிபிஎம் போட்டால் 20,671.875 என்று பின்னத்தில் வந்து நிற்கும். கவலைப்பட ஒன்றுமில்லை, அரைப்புள்ளி வித்தியாசம் யார் காதிலும் விழாது. எட்டு பீட்டாக எடுத்தால் 1,65,375 என்று முழு எண்ணாகவே வந்துவிடுகிறது.

லூப் 10 மில்லிசெகண்ட் நீளமாகிவிட்டால் என்ன ஆகும் என்பது ஆப்பைப் பொறுத்தது. சாம்பிள் தன்பாட்டுக்குச் சுற்றினால், எட்டுச் சுற்றில் 80 மில்லிசெகண்ட் விலகிவிடும், தாளம் கண்கூடாகத் தப்பும். ஆப் ஒவ்வொரு சுற்றையும் பீட் கட்டத்தோடு புதிதாகத் தொடங்கி வைத்தால் விலகல் சேராது. மாறாக, மிஞ்சிய வால் சட்டென்று துண்டிக்கப்பட்டு அங்கே ‘டக்’ வரும். உங்கள் ஆப் எந்த வகை என்று ஒருமுறை சோதித்துத் தெரிந்துகொண்டால் எங்கே தேடுவது என்று புரியும்.

லூப்பின் முடிவை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். கடைசி அடி ஓய்ந்த இடத்தில் வெட்டிவிடுகிறார்கள். வெட்ட வேண்டியது அங்கே இல்லை. அடுத்த சுற்றின் முதல் அடி எழுவதற்குச் சற்று முன்னால். நடுவில் வரும் அமைதியும் தாளத்தின் பகுதிதான். மனிதர்கள் வாசித்த பதிவில் வேகம் கொஞ்சம் கூடிக் குறையும் என்பதால், அங்கே கணக்குப் போட்டு வெட்டுவதைவிட அட்டாக்கிலிருந்து அட்டாக் வரை வெட்டுவதே சரி. அப்புறம் ஆப்பின் வேகத்துக்கு அதை நீட்டியோ சுருக்கியோ கொள்ளலாம்.

சேரும் இடத்தில் ஒலி இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தால் க்ராஸ்ஃபேடு உதவும். முடிவுப் பகுதி தேயும்போதே தொடக்கப் பகுதி அதன் மேல் எழுவதுதான் க்ராஸ்ஃபேடு. முன்பு சொன்ன துணியில், இரண்டு துண்டின் ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துத் தைப்பது போல. இரண்டையும் நேர்கோட்டில் ஏற்றி இறக்கினால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஒலிகளில் நடுவே சத்தம் சுமார் 3 டெசிபல் தணியும். அப்படி ஒரு பள்ளம் கேட்டால், வளைவான வகைக்கு மாற்றிக்கொள்ள ஆப்பில் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

## வெட்டிய பகுதி போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. எல்லைக்கோட்டை நகர்த்தும்போது ஆப், “இங்கிருந்து இதுவரை ஒலிக்க வை” என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். மூல ஒலி அப்படியே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் கோட்டைத் திரும்ப இழுக்கலாம். ‘கிராப்’ என்ற பொத்தான் வேறு ரகம். பல ஆப்களில் அது வெளியே உள்ள பகுதியை நிஜமாகவே நீக்கிவிடும். அதைத் தொடுமுன் ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

## சேமிக்கும்போது

அழகாக வெட்டிய லூப்பை எம்பி3-யாகச் சேமித்தால் வேலை கெட்டுப்போகலாம். எம்பி3 ஒலியை 1,152 அளவுப்புள்ளிகள் கொண்ட கட்டுகளாகத்தான் அடுக்கும். 44,100 வீதத்தில் ஒரு கட்டு சுமார் 26 மில்லிசெகண்ட். உங்கள் லூப் அந்தக் கட்டுகளில் சரியாக அடங்காவிட்டால் மிச்ச இடம் அமைதியால் நிரப்பப்படும். முன்பக்கமும் கொஞ்சம் அமைதி சேரும். பிறகு சுற்றவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சின்ன விக்கல். வேவ் (WAV) கோப்பில் இந்தத் தொல்லை இல்லை, கொடுத்த புள்ளிகள் கொடுத்தபடியே இருக்கும். கோப்பு பெரிதாகும் என்றாலும் லூப்புக்கு அதுதான் சரி.

சாம்பிள் ரேட்டையும் கவனியுங்கள். 48,000 வீதத்தில் பதிந்ததை 44,100 வீதப் பணியில் போட்டால் ஆப் வழக்கமாகத் தானே மாற்றிக்கொள்ளும். எங்கோ அந்த மாற்றம் விடுபட்டுப்போனால், அதே எண்கள் மெதுவாக வாசிக்கப்படும். 4 செகண்ட் சாம்பிள் 4.35 செகண்டாக நீளும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் இறங்கும். செமிடோன் என்பது கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அதை ஒட்டிய அடுத்த கட்டைக்கும் உள்ள இடைவெளி. சாம்பிள் நீண்டு, கூடவே இந்த அளவுக்குச் சுருதியும் இறங்கியிருந்தால், எல்லைக்கோட்டையோ சுருதியையோ தொடாதீர்கள். கோப்பின் சாம்பிள் ரேட்டை முதலில் பாருங்கள்.